மேல்வரிசைப் பல்லும் கொழுந்து லொறியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல்வலிக்கு வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பல்லையே இல்லாமல் செய்துவிடுவது. மாதத்துக்கு ஒருநாள் டவுனிலிருந்து பல் டொக்டர் ஒருவர் வருவார். அவருக்கென்று ஓர் அறை கட்டித்தரும் அளவுக்கு எங்கள் பற்களின் மேல் யாருக்கும் பாசம் இல்லை. அதனால் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற புள்ளக்காம்பராவிலேயே கொறடு வேலை நடக்கும். ஒரு பக்கம் தொட்டில் ஆடும். மறுபக்கம், மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் காதைத் தொட, பெரிய பெரிய ஆம்பிளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அழுகிறது தொட்டிலா நாற்காலியா என்று வெளியே நிற்கிறவர்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மேல்வரிசைப் பல்லில் மட்டும் கைவைக்கக் கூடாது. மேல் பல்லின் வேர் நேராகக் கண்ணுக்குப் போகிறது, பல்லைப் பிடுங்கினால் பார்வையும் கூடவே கழன்று வந்துவிடும் என்பது எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், உடற்கூற்றியல். கீழ்ப் பல் பாவம், அதற்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். அதனால் நாற்பது தாண்டிய ஆட்களுக்குக் கீழே பொக்கை, மேலே சொத்தை. சிரித்தால், தூண் விழுந்த பிறகும் கூரை மட்டும் நிற்கிற வீடு மாதிரி இருக்கும்.

என் அப்பாவுக்கு வலித்தது மேல்வரிசையில், கோரைப்பல்லுக்கு அடுத்த பல். ஏழு மாதமாக வலித்தது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், கல்வியியற் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நான் இரண்டு மாத லீவுக்கு நமுனுகுல பக்கத்திலிருக்கிற எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கியபோது, வீட்டில் அப்பாவைவிட அந்தப் பல்லுக்குத்தான் மரியாதை அதிகம். ரேடியோவின் சத்தம் பல்லுக்காகக் குறைக்கப்பட்டிருந்தது. கறியில் உறைப்பு இல்லை. தேத்தண்ணி ஆறிய பிறகுதான் பரிமாறப்பட்டது. யாரோ பிரியாணிக்கு அடுப்பு மூட்டிவிட்டு அரிசி வாங்க மறந்துபோன மாதிரி வீடு முழுக்கக் கிராம்பு வாசம்.

அப்பா தோட்டத்தின் கொழுந்து லொறி டிரைவர். மூன்று டிவிஷனில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலை அரைக்கிற ஃபெக்டரிக்கு, இறங்க வேண்டும். அங்கே பாதை ஒன்று இருப்பதாகத் தோட்ட நிர்வாகம் நம்பியது. அப்பா அதை ஞாபகத்தில் வைத்து ஓட்டினார். கண் போனால் லொறி போகும். லொறி போனால் நாற்பத்தைந்து வயதில் மறுபடி மம்பட்டி பிடிக்க வேண்டும். டிரைவருக்கென்று கொடுத்த, உள்ளேயே குழாய் இருக்கிற வீடும் அடுத்த டிரைவருக்குப் போய்விடும். ஆக, எங்கள் குடும்பத்தின் மொத்த ஆஸ்தியும் அப்பாவின் இரண்டு கண்கள். அவற்றுக்குக் காவலாளி ஒரு சொத்தைப் பல்.

நான் எல்லாம் தெரிந்தவன். கல்லூரி விடுதியில் என் அறைக்காரன் ஒருவனுக்குக் கண்டியில் வேர்ச் சிகிச்சை செய்திருந்தார்கள், அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான். வெளியே வாங்கில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை படித்தது தவிர அந்தச் சிகிச்சையில் என் பங்கு ஒன்றுமில்லை. ஆனால் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் நான் பாதி டொக்டர் ஆகியிருந்தேன்.

"பல்ல புடுங்க மாட்டாங்கப்பா. உள்ளுக்க உள்ள அழுகலை மட்டும் எடுத்துட்டு அடைச்சிருவாங்க. பல்லு இருந்த எடத்துலயே இருக்கும்."

"யாருக்குச் செஞ்சாங்க?"

"எங்கூட படிக்கிற பையனுக்கு."

"அவன் லொறியா ஓட்டுறான்?"

"இல்ல."

"அப்ப அவனுக்குக் கண்ணு போனா என்ன, இருந்தா என்ன. வாத்தியாரு வேலைதானே."

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "ஒங்க அப்பா பல்ல கண்ணு மாதிரி பாத்துக்குறாரு. நீ குறுக்க பேசாத."

போதாக்குறைக்குத் தபால் மாமா. அவர் அடுத்த வீட்டுக்காரர், அம்மாவுக்குத் தூரத்து அண்ணன், தோட்டத்துக் கடிதப் பையைத் தூக்குகிற வேலை. லயத்துப் பல் விஞ்ஞானத்தின் நடமாடும் அத்தாட்சி அவர்தான். நாற்பது வயதில் மேல்வரிசையில் இரண்டு பல்லைத் துணிந்து பிடுங்கினார். அந்த வருடமே எழுத்தெல்லாம் புழுவாக நெளிய ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கடிதத்தைத் தடவிப் பார்த்துத்தான் விநியோகம் செய்தார். தடித்த கவர் என்றால் ஆபீஸ் கிளாக்கர் ஐயாவுக்கு, மெல்லியது என்றால் லயத்துக்கு. என் அம்மாவுக்குச் சித்தி எழுதிய ஐந்து பக்கக் குடும்பச் சண்டையைக் கிளாக்கர் ஐயா முழுதாக வாசித்துவிட்டு, "சித்தி பக்கம்தான் நியாயம் இருக்கு" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்.

"மாப்ள, வேரத் தொட்டாலே கண்ணுக்கு ஆவாது" என்றார் மாமா என்னிடம். "இவங்க புடுங்கக்கூட இல்ல, ஊசிய உட்டு நோண்டுறாங்கன்னு நீயே சொல்ற. புடுங்குனாலாவது ஒரே தடவைல போவும்."

அப்பா மனம் மாறியது என் பேச்சுத் திறமையால் அல்ல. ஒருநாள் சாயங்காலக் கொழுந்தோடு இறங்கும்போது வலி திடீரென்று பிடித்து இழுக்க, அவர் ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் வளைவைத் திருப்பினார். லொறி மண்மேட்டோடு உரசிக்கொண்டு நின்றது. மட்கார்ட் நசுங்கியதோடு போயிற்று. மேட்டுப் பக்கம் இல்லாமல் மறுபக்கம் உரசியிருந்தால் உரசுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், "என்னா, கண்ணு தெரியலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாராம். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள், "அந்த ஊசி டொக்டரு பதுளையில இருக்காங்களா?" என்றார்.

இருந்தார். கடைவீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில். ஐம்பதை நெருங்கிய யாழ்ப்பாணத்து அம்மா, பதுளையில் பல வருடமாக இருப்பவர். அப்பா முதலில் அவரை நர்ஸ் என்று நினைத்து, டொக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே, "வந்திட்டா. நீங்கள் ஏறிப் படுங்கோ" என்றார்.

படுக்கிற நாற்காலி அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்து பல் பிடுங்கினால் ஆம்பிளை, படுத்தால் நோயாளி.

"வாய வடிவா திறவுங்கோ. எவ்வளவு காலமா நோகுது?"

"ஆ ஆ ஆ" என்றார் அப்பா. ஏழு மாதம் என்று நான் மொழிபெயர்த்தேன்.

"ஏழு மாசமா என்ன செய்தனீங்கள்?"

"கிராம்பு வச்சாருங்க டொக்டர்."

"வலிக்குக் கிராம்பு. சரி. பல்லுக்கு என்ன வச்சனீங்கள்?"

இதற்கு மொழிபெயர்ப்பு இல்லை.

ஒரு சின்ன அட்டையை வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு வேர், வேர் நுனியில் கருப்பாக ஒரு பொட்டு. அப்பா எட்டிப் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை, பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"டொக்டரம்மா, ஒண்ணு கேக்கலாங்களா. அந்த வேரு முடியிற எடத்துல இருந்து கண்ணு எம்புட்டுத் தூரம்?"

"பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை ஐயா. இடையில எலும்பு இருக்கு, காத்து அறை ஒண்டு இருக்கு. பயப்படாதேங்கோ."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், படித்தவர்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிவைத்துக்கொண்டுதான் பொய் சொல்வார்கள் என்பது தெளிவாக எழுதியிருந்தது.

பிறகு விறைப்பு ஊசி. ஈறில் ஒரு எறும்புக் கடி, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் உதடு விறைத்தது, கன்னம் விறைத்தது, மூக்கோரம் விறைத்தது. அதோடு நின்றிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். கீழ் இமையும் விறைத்தது. அப்பா நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"கண்ணு போச்சு. டேய், கண்ணு போச்சுடா."

"போகேல்ல. மருந்து அங்கயும் பரவும். ரெண்டு மணித்தியாலத்தில சரியாகும். படுங்கோ."

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை விரித்து, அந்தப் பல் மட்டும் துளையால் எட்டிப் பார்க்கிற மாதிரி மாட்டினார்கள். மழைக்குப் படங்கு போட்ட லொறி போல இருந்தது அப்பாவின் வாய். அந்த ஒப்புமையை அவரிடம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வாய் திறக்க முடிந்திருந்தால் என்னைக் கடித்திருப்பார். பல்லின் தலையில் ஒரு துவாரம் போட்டு, தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு உரசினார் டொக்டர். ஊசியை உள்ளேயே வைத்து இன்னொரு எக்ஸ்ரே, ஆழம் சரியா என்று பார்க்க. பிறகு நீச்சல் தொட்டி வாசம் அடிக்கிற ஒரு தண்ணீரால் கழுவல். மறுபடி உரசல், மறுபடி கழுவல். ஒரு மணி நேரம். நான் கண்டியில் படித்த அதே வகைப் பழைய வாரப் பத்திரிகை இங்கேயும் இருந்தது. அப்பா ஒருமுறைகூட முனகவில்லை. கடைசியில் தாடை கடுத்தது என்றுதான் சொன்னார், பல் வலித்தது என்று சொல்லவில்லை.

தற்காலிகமாக ஒரு சாந்தை வைத்து துவாரத்தை அடைத்தார்கள். அதன் வாசம் வந்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. கிராம்பு. ஏழு மாதமாகத் தான் செய்ததும் இதே மேல்நாட்டு வைத்தியம்தான் என்கிற பெருமை.

"இது தற்காலிக அடைப்பு" என்றார் டொக்டர். "வாற கிழமை கட்டாயம் வரவேணும். வேரை நிரந்தரமா அடைக்க வேணும், பிறகு மேல ஒரு மூடி போட வேணும். நோ இல்லையெண்டு வராமல் விடக் கூடாது. விளங்குதே?"

"விளங்குதுங்க" என்றார் அப்பா.

விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு டொக்டர் என்பவர் வலிக்கு மட்டும் உரியவர். தோட்டத்தில் வைத்தியத்துக்கு லீவு வேண்டும் என்றால் பெரட்டில், காலையில் எல்லாரும் கூடி வேலை பிரிக்கிற இடத்தில், போய் நின்று எதையாவது காட்ட வேண்டும். வீக்கம், கட்டு, காய்ச்சல், குறைந்தபட்சம் நொண்டல். வலிக்காத பல்லைத் திறந்து காட்டி லீவு கேட்ட மனிதர் அந்த மலையில் பிறந்ததே இல்லை.

"ஏழு நாளாச்சு, ஒரு கிழம ஆச்சுப்பா. டொக்டர் வரச் சொன்னாங்க."

"வலிக்கல."

"வலிக்காட்டியும் வரச் சொன்னாங்க."

"போயி என்னான்னு சொல்றது? சும்மா இருக்கேங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்கன்னா?"

அம்மா சொன்னார்: "அந்தம்மா இவரு மூஞ்சிய பாக்க ஆசப்பட்டா கூப்புட்டாங்க?"

அது கொழுந்து கொழிக்கிற காலம். லொறி ஒருநாள் நின்றால் மலை நின்றுவிடும் என்று அப்பா நம்பினார். வீட்டில் உறைப்பு திரும்பியது, ரேடியோ திரும்பியது. தபால் மாமாகூட ஒருமுறை வந்து பல்லை எட்டிப் பார்த்து, "கண்ணு எப்புடி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் விட்டுவிட்டேன். பாதி டொக்டரின் தகுதி அவ்வளவுதான்.

மூன்றாவது கிழமை வறுத்த கச்சான் கடலை ஒன்று அந்த அடைப்பைப் பெயர்த்துக்கொண்டு போனது. அப்பா கச்சானையும் அடைப்பையும் சேர்த்தே விழுங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் காலையில் அவர் எழும்பி வந்தபோது முகத்தின் இடது பக்கம் பணிஸ் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. கன்னத்திலிருந்து ஏறிய வீக்கம் இடது கண்ணை மூடியிருந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு கோடு.

அன்றைக்கு எங்கள் வாசலில் கூடிய கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. மேல்வரிசைப் பல்லுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மக்கள், அது நேரிலேயே நிரூபிக்கப்பட்டதைப் பார்க்க வந்திருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. எல்லாரும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு அப்பாவின் கண்ணைப் பார்த்தார்கள்.

"படிச்ச புள்ள" என்று மட்டும் சொன்னார் தபால் மாமா.

லொறிச் சாவியை டீமேக்கர் ட்ரக்டர் டிரைவரிடம் கொடுக்கச் சொன்னார். கண் திறந்த பிறகு வந்தால் போதும் என்று செய்தி. திறக்காவிட்டால் என்ன என்று செய்தியில் இல்லை. அப்பா சாவியை என்னிடம் நீட்டினார், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கே பதுளைக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் அப்பா துவாயால் பாதி முகத்தைச் சுற்றிக்கொண்டு, மீதிக் கண்ணால் டிரைவரின் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டொக்டர் துவாயை விலக்கிப் பார்த்தார்.

"ஏன் வரேல்ல?"

"வலிக்கலீங்க."

"அதுதான் நான் சொன்னனே, நோ இல்லையெண்டாலும் வாங்கோ எண்டு."

"சொன்னீங்க."

அவர் மேற்கொண்டு திட்டவில்லை. பல்லை மறுபடி திறந்தார். உள்ளே தேங்கியிருந்தது வெளியே வந்த வாசத்துக்கு நான் வாரப் பத்திரிகையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டேன். அந்தப் பத்து நிமிடத்திலேயே அப்பாவின் தோள் இறங்கியது. வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியும், கண் தானாகத் திறக்கும், கண்ணுக்குள்ளே ஒன்றும் ஆகவில்லை, இமைதான் வீங்கியிருக்கிறது என்றார் டொக்டர். மருந்துக் குளிசைகளை எப்போது எப்போது போட வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, "வாசிச்சுச் சொல்லுங்கோ பாப்பம், இந்த முறை விளங்கினதோ எண்டு" என்று நீட்டினார்.

அப்பா தாளை வாங்கினார். நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். பிறகு கையை நீட்டினார். பிறகு முழுக் கையையும் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்தார். கை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் கூரையில் ஒட்டியிருப்பார்.

"வீங்கியிருக்குல்ல, தெரியல" என்றார்.

"மற்றக் கண் வீங்கேல்லயே" என்றார் டொக்டர்.

 கீழே புடவைக்கடையில் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

"எத்தின வருசமா ஐயா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. டொக்டரிடம்தான் சொன்னார். "நாலு வருசங்க. மேல ஒரு பல்லு புடுங்குனேன், யாருக்கும் சொல்லல. அந்த வருசம் தீவாளிக்குள்ள எழுத்து மங்கிப் போச்சு. அதான் இந்தப் பல்லத் தொட விடல. ஒரு பல்லுக்கே இவ்வளவு போச்சுன்னா, இன்னொண்ணும் போனா ரோட்டே தெரியாமப் போயிரும்."

 லொறியின் ரன்னிங் சார்ட்டை, எத்தனை நடை, எவ்வளவு கொழுந்து என்று எழுதுகிற தாளை, ஏன் கிளீனர் எழுதுகிறார் என்று இப்போது விளங்கியது. எக்ஸ்ரேயை ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று விளங்கியது. அதைவிட முக்கியமான ஒன்று இருந்தது.

"அப்ப நான் எழுதுன காயிதம்?"

"ஒங்க அம்மா வாசிச்சுச் சொல்லுவா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எட்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சவதானே."

மூன்று வருடம் நான் அப்பாவுக்கென்று, ஆம்பிளைக்கு ஆம்பிளை, ரகசியமாக எழுதிய கடிதங்கள் அவை. விடுதியில் மாட்டிக்கொண்ட விஷயம், சிகரெட் விஷயம், எல்லாம் அம்மாவின் குரலில் ஒலிபரப்பாகியிருக்கிறது. அம்மா ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை.

டொக்டர் ஜன்னல் திரையை இழுத்தார். "அந்தா, சந்தியில நிக்கிற பஸ். போர்ட்டில என்ன போட்டிருக்கு?"

அப்பா நல்ல கண்ணால் பார்த்தார். "பசறை. கீழ சின்னதா லுணுகல. முன் டயரு ரெண்டும் தேஞ்சிருக்கு, மாத்தணும்."

நானும் கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்தேன், எனக்குப் பசறையே சரியாகத் தெரியவில்லை.

"உங்களுக்குக் கண் போகேல்ல ஐயா. இது வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரும். கிட்ட இருக்கிற எழுத்து மட்டும்தான் தெரியாது. பல் இருந்தாலும் வரும், பல் இல்லாட்டியும் வரும்." கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "எனக்கு எல்லாப் பல்லும் இருக்கு."

எங்கள் லயத்தின் முழு விஞ்ஞானமும் அந்த ஒரு நிமிடத்தில் என் கண்முன்னே கழன்று விழுந்தது. ஆட்களுக்கு மேல் பல் பழுதாகி, துணிந்தவர்கள் பிடுங்குகிற வயதும் நாற்பது. எழுத்து மங்குகிற வயதும் நாற்பது. இரண்டும் ஒரே வருடத்தில் வந்துசேர, பழி பல்லின் மேல். கண்ணாடி வாங்குவதற்குப் பதிலாக எல்லாரும் அழுகிய பல்லைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் கண் திறந்தது. சாவி திரும்பி வந்தது. அடுத்த கிழமை அப்பா தானே லீவு கேட்டு, தானே பஸ் ஏறினார். வேருக்குள் ரப்பர் மாதிரி மெல்லிய குச்சிகளைச் சொருகி, சூடாக்கி, நிரந்தரமாக அடைத்தார்கள். வலியே இல்லை, நாற்பது நிமிடம்தான். மூடிக்கு அளவெடுக்கும்போது டொக்டர் நிறம் பார்க்க ஒரு வரிசைப் பற்களைக் காட்டினார். அப்பா ஆக வெள்ளையாக இருந்ததைத் தொட்டார். டொக்டர் ஆக மஞ்சளாக இருந்ததை எடுத்து அவருடைய பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, "இதுதான் பொருத்தம்" என்றார். அந்த அவமானத்திலிருந்து அப்பா முழுதாக மீளவில்லை.

மூடி போட்ட அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவரின் மணிக்கூட்டுக் கடையில் அப்பா நின்றார்.

"நானா, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இருக்குங்களா?"

"இருக்கு. போட்டுப் பாருங்க. இத வாசிங்க." கடைக்கார நானா ஒரு மணிக்கூட்டின் உத்தரவாதச் சீட்டை நீட்டினார். அப்பா அதைக் கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்தார். நானா பாதியில் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை.

ஆனால் கண்ணாடி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கண்ணாடி போட்ட டிரைவர் என்றால் கண் போன டிரைவர் என்றுதான் டீமேக்கர் நினைப்பார், மட்கார்டையும் ஞாபகப்படுத்திக்கொள்வார். அதனால் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் வாசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தபால் மாமா சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டார். கண்ணாடி தலகாணிக்கு அடியில் போனது. பேப்பர் கையிலேயே இருந்தது.

"என்னா, படம் பாக்குறியா?"

"வாசிக்கிறேன்." வாயில் வந்துவிட்டது. நிரூபிக்க முதல் பக்கச் செய்தி முழுவதையும் ஒப்பித்தார், அப்போதுதான் வாசித்திருந்தார்.

நாற்பது தாண்டிய ஆள் பேப்பர் வாசித்து லயத்தில் கண்டிராத மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "பல்லுல ஊசி போட்டதுல கண்ணு தெறந்திருச்சா?"

அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் அது ஆம்.

அந்த வாரத்துக்குள் நான்கு பேர் என்னிடம் பதுளை டொக்டரின் விலாசம் கேட்டார்கள். கண்ணுக்குப் பல் வைத்தியம். அதில் ஒருவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. ஈறிலேயே ஊசி போட முடியுமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். நான் மறுத்துச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நான்தான் கண்ணை மூடவைத்தவன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றார் அம்மா.

"சொன்னா டீமேக்கரு காதுக்குப் போவும்."

"தபால் அண்ணன் நாளைக்கு லீவு கேக்கப் போறாரு. போயி அந்தம்மா முன்னால வாயத் தெறந்துக்கிட்டு, கண்ணத் தெறங்கன்னு சொல்லப் போறாரு."

மறுநாள் மூன்றாம் நடைக் கொழுந்தோடு நானும் லொறியில் ஸ்டோருக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் டீமேக்கர், அவருக்கு முன்னால் கடிதப் பையோடு தபால் மாமா. "பதுளைக்குப் போவணுங்க சார். பல்லு டொக்டருகிட்ட. கண்ணு தெரியலீங்க."

"கண்ணு தெரியாட்டி என்னாத்துக்குயா பல்லு டொக்டரு?"

"இவனுக்குத் தெறந்திருச்சுங்களே." மாமா அப்பாவைக் கைகாட்டினார். டீமேக்கர் அப்பா பக்கம் திரும்பினார்.

அப்பா லொறியிலிருந்து இறங்கிய இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். சாவி கையில் இருந்தது. அதை இரண்டு மூன்று தடவை சுற்றினார். பிறகு லொறிக்குள் கைவிட்டு, காலையில் எனக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்து இருக்கைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து, நேராகப் போய் மாமாவின் மூக்கில் மாட்டினார்.

"பையில இருந்து ஒண்ண எடுத்து வாசி."

மாமா ஒரு கவரை எடுத்தார். தடவிப் பார்க்கவில்லை. கண்ணுக்கு நேராகப் பிடித்தார். உதடு அசைந்தது. பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"யாரோட கண்ணாடி?" என்றார் டீமேக்கர்.

"என்னோடதுங்க சார். நாலு வருசமா கிட்ட உள்ள எழுத்து தெரியாதுங்க. ரோடு தெரியும். ரோடு நல்லாத் தெரியும்."

டீமேக்கர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். நான் லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயே குழாய் இருக்கிற வீடு என் கண்முன்னே வந்து நின்றது.

"அப்ப இந்த ரன்னிங் சார்ட்டு எழுதுறது நீ இல்லயா?"

"கிளீனருங்க."

"இனிமே நீயே எழுது. அவன் எழுத்த நாலு வருசமா என்னால வாசிக்க முடியல. என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சு நானும் ஆருகிட்டயும் சொல்லல." மாமாவின் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் வைத்து, சார்ட்டைப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். "இல்ல. இதுலயும் கோழி கிறுக்குனாப்புலதான் இருக்கு."

மாமா அவர் முகத்திலிருந்தே கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தத் துணிச்சலுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏற்கனவே அடுத்த கவரில் இருந்தார்.

"என்னா நிக்கிற," என்றார் டீமேக்கர் அப்பாவிடம். "மேல் மலையில இன்னும் கொழுந்து கெடக்குது."

அப்பா ஏறி உட்கார்ந்து லொறியைத் திருப்பினார். கண்ணாடியைக் கேட்கவில்லை.  முதல் வளைவு திரும்பிய பிறகு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, "ஒனக்கும் ஒண்ணு வாங்கணும், பசறை போர்டு தெரியல ஒனக்கு" என்றார்.